மரத்துப்போவது வீரம் அல்ல

நெடுந்தூர சைக்கிள் பயணம் நகர்ப்புற இந்தியர்களை ஈர்த்திருக்கிறது. அதோடு சேர்ந்து வரும் ஒரு தொல்லையைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை.

புனேயிலிருந்து சதாரா செல்லும் நெடுஞ்சாலையோரம் ஒரு டீக்கடை. வாசலில் வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்ட சைக்கிள்கள். ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே டீயையும் வடா பாவையும் உள்ளே தள்ளிக்கொண்டிருக்கிறது ஒரு கூட்டம். அதில் கம்ப்யூட்டர் என்ஜினீயர்கள், வங்கி அதிகாரிகள், டாக்டர்கள், ஓய்வுபெற்ற ராணுவத்தினர் எல்லோரும் உண்டு. விடிவதற்கு முன் எழுந்து நூறு கிலோ மீட்டர் மிதித்து வந்தவர்கள். கடைக்கு முன்னால் இரண்டு நீளமான பெஞ்ச்சுகள் காலியாகக் கிடக்கின்றன. ஆனால் யாரும் உட்காரவில்லை. எல்லோரும் நின்றபடியே டீ குடிக்கிறார்கள்.

ஏன் என்று கேட்டால் ஒரு சிரிப்பு. அதற்கு மேல் பதில் வராது. முழங்கால் வலியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். முதுகு வலிக்கு மூன்று வைத்தியம் சொல்வார்கள். இருக்கையில் உட்காரும் இடம் எரிகிறது, தொடைகளுக்கு நடுவே உணர்ச்சியே இல்லாமல் மரத்துப்போகிறது என்பதை மட்டும் நெருங்கிய நண்பரிடம்கூடச் சொல்வதில்லை. ஆண்களுக்கு அது கௌரவப் பிரச்சினை. பெண்களுக்கோ வாயெடுக்கவே முடியாத விஷயம். வெளியே சொல்லாததால் பலர் அதைச் சகித்துக்கொள்கிறார்கள். சிலர் சைக்கிளையே விற்றுவிடுகிறார்கள்.

இரண்டுமே தேவையில்லை. இந்தத் தொல்லை ஏன் வருகிறது என்பது மருத்துவ உலகுக்குத் தெரியும். அதைத் தவிர்க்கும் வழிகளும் தெரியும். அவற்றில் பாதிக்கு மேல் பைசா செலவில்லாதவை.

உட்காருவதே பரீட்சை

இந்தியாவில் நெடுந்தூர சைக்கிள் பயணம் ஓர் ஒழுங்கான இயக்கமாகவே வளர்ந்திருக்கிறது. பாரீஸில் உள்ள ஆடாக்ஸ் கிளப்பின் விதிகளின்படி, 'ப்ரவே' எனப்படும் பயணங்களை ஆடாக்ஸ் இந்தியா ரேண்டனர்ஸ் அமைப்பு பல நகரங்களில் நடத்துகிறது. இது பந்தயமல்ல. முதலில் வருபவருக்குப் பரிசு கிடையாது. குறித்த நேரத்துக்குள் முடித்தால் போதும். 200 கி.மீ.க்கு 13½ மணி நேரம், 300-க்கு 20, 400-க்கு 27, 600-க்கு 40. ஒரே பருவத்தில் இந்த நான்கையும் முடிப்பவருக்கு 'சூப்பர் ரேண்டனர்' பட்டம். அதற்கும் மேலே ஒரு சிகரம் உண்டு: நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரான்சில் நடக்கும் பாரீஸ்-பிரெஸ்ட்-பாரீஸ். 1,200 கி.மீ., அதிகபட்சம் 90 மணி நேரம்.

கணக்குப் போட்டால் ஓர் உண்மை புரியும். 200 கி.மீ.யை 13½ மணி நேரத்தில் கடக்க, மணிக்கு 15 கி.மீ. வேகம் போதும். ஓரளவு பழகிய யாராலும் முடிகிற வேகம் அது. இங்கே கால்களைவிடக் கடுமையாகச் சோதிக்கப்படுவது உள்ளங்கை அகலமே உள்ள ஒரு இருக்கையின்மீது பத்துப் பதினைந்து மணி நேரம் தாக்குப்பிடிக்கும் உடம்புதான்.

பால்காரரின் சைக்கிள்

இங்கே ஒரு கேள்வி எழலாம். இந்த நாட்டில் பால்காரர்களும் தபால்காரர்களும் ஆயுள் முழுக்க சைக்கிள் ஓட்டினார்களே, அவர்களுக்கு இந்தத் தொல்லை இருந்ததா?

விடை சைக்கிளின் அமைப்பில் இருக்கிறது. பழைய கறுப்பு சைக்கிளில் ஹேண்டில்பார் உயரமாக இருக்கும். ஓட்டுபவர் நாற்காலியில் உட்காருவதுபோல நிமிர்ந்து உட்காருவார். உடம்பின் பாரம் இடுப்பெலும்பின் அடியில் உள்ள இரண்டு முண்டுகளின்மீது இறங்கும். தரையில் சம்மணமிட்டு உட்காரும்போது அழுத்துவது அதே முண்டுகள்தான். பாரம் தாங்குவதற்கென்றே அமைந்த எலும்புகள் அவை. கீழே அகலமான தோல் இருக்கை, அதற்கடியில் ஸ்பிரிங். தவிர, பால்காரர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இறங்கி ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவார்.

இன்றைய கியர் சைக்கிளின் கதை வேறு. காற்றைக் கிழித்துப் போவதற்காக ஹேண்டில்பார் தாழ்த்தப்பட்டிருக்கிறது. தொடைகள் உரசாமல் மிதிப்பதற்காக இருக்கை குறுகியிருக்கிறது. ஓட்டுபவர் முன்னால் குனியும்போது இடுப்பும் முன்னால் உருள்கிறது. பாரம் எலும்புகளை விட்டு நகர்ந்து, தொடைகளுக்கு இடையே உள்ள மென்மையான பகுதிக்கு வருகிறது. இருக்கையின் கூரான மூக்கு அழுத்துவது அங்கேதான். அந்த இடமோ எதையும் தாங்குவதற்காக உண்டானதல்ல.

நரம்பு அனுப்பும் தந்தி

முதுகெலும்பின் அடிப்பகுதியிலிருந்து கிளம்பும் புடென்டல் நரம்பு, உட்காரும் எலும்பின் உட்புறமாக ஒரு குறுகிய பாதை வழியே வந்து பிறப்புறுப்புக்கும் அதைச் சுற்றிய பகுதிக்கும் உணர்ச்சியைத் தருகிறது. ரத்தக் குழாய்களும் அதே வழியில்தான் செல்கின்றன. இருக்கையின் மூக்குக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே இவை நசுங்கினால், நரம்பின் செய்தியும் தடைபடுகிறது, ரத்த ஓட்டமும் குறைகிறது. பந்தியில் வெகுநேரம் சம்மணமிட்டுச் சாப்பிட்டு எழும்போது கால் மரத்துப்போகிறதே, ஏறக்குறைய அதே கதைதான். வித்தியாசம் ஒன்று: கால் மரத்தால் யாரும் அதே நிலையில் இன்னும் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருப்பதில்லை.

இது கற்பனைப் பயம் அல்ல. நார்வேயில் 540 கி.மீ. தூர சைக்கிள் பயணம் ஒன்றில் பங்கேற்ற 160 ஆண்களிடம் விசாரித்து 1997-ல் வெளியான ஆய்வில், 33 பேருக்கு, அதாவது ஐந்தில் ஒருவருக்கு, பிறப்புறுப்பில் மரத்த உணர்வு ஏற்பட்டது தெரியவந்தது. அவர்களில் பத்துப் பேருக்கு அது ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தது. சிலருக்குத் தற்காலிக ஆண்மைக் குறைவும் ஏற்பட்டது.

இந்தச் செய்திகளால் ஆண்கள் பீதியடைந்தது இயல்பு. ஆனால் 2018-ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு ஆறுதல் தருகிறது. சைக்கிள் ஓட்டுபவர்கள், நீந்துபவர்கள், ஓடுபவர்கள் என சுமார் 4,000 ஆண்களை ஒப்பிட்ட அந்த ஆய்வில், பாலுறவுத் திறனில் சைக்கிள்காரர்கள் மற்றவர்களைவிட மோசமாக இல்லை. ஆனால் அவர்களுக்கு மரத்துப்போகும் தொல்லை இருந்தது. அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது: பயண நேரத்தில் 20 சதவீதத்துக்கு மேல் எழுந்து நின்று மிதித்தவர்களுக்கும், ஹேண்டில்பாரை இருக்கையின் மட்டத்திலோ அதற்கு மேலோ வைத்திருந்தவர்களுக்கும் அந்தத் தொல்லை குறைவு.

ஆக, பயந்து சைக்கிளை விடவும் வேண்டாம், பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டவும் வேண்டாம். மரத்துப்போவது உறுதியின் அடையாளம் அல்ல. இருக்கை சரியில்லை என்று நரம்பு அனுப்பும் தந்தி அது.

மெத்தை என்னும் மாயை

தொல்லை வந்ததும் பெரும்பாலோர் முதலில் செய்யும் காரியம் கடைக்குப் போய் ஒரு ஜெல் உறை வாங்கி இருக்கைக்கு மாட்டுவது. விரலால் அழுத்திப் பார்த்தால் பஞ்சு மெத்தைபோல இருக்கும். முதல் அரை மணி நேரம் சொர்க்கம். ஐம்பது கிலோ மீட்டருக்குப் பிறகு நிலைமை முன்பைவிட மோசம்.

காரணம் எளிது. தடிமனான மெத்தையில் எலும்பு முண்டுகள் இரண்டும் புதைந்துவிடுகின்றன. பிதுங்கிய மெத்தை நடுவே மேலெழும்பி, எந்த இடத்தைக் காப்பாற்ற வேண்டுமோ அதே இடத்தைக் குத்துகிறது. ஜெர்மன் ஆராய்ச்சியாளர்கள் 2002-ல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சாட்சி. வெவ்வேறு இருக்கைகளில் ஆண்களை உட்காரவைத்து, பிறப்புறுப்பின் தோலில் பிராணவாயுவின் அளவை அவர்கள் கணக்கிட்டார்கள். குறுகலான, தடித்த மெத்தை வைத்த இருக்கையில் அது 82 சதவீதம் சரிந்தது. அகலமான, மூக்கில்லாத இருக்கையில் சரிவு 20 சதவீதம் மட்டுமே. மென்மையைவிட அகலமும் வடிவமும்தான் முக்கியம்.

மூக்கில்லாத இருக்கையை அமெரிக்காவில் போலீஸ்காரர்கள் சோதித்துப் பார்த்தார்கள். சைக்கிளில் ரோந்து போகும் 90 பேர் ஆறு மாதம் அதைப் பயன்படுத்தினார்கள். முன்பு, மரத்துப்போகும் தொல்லையே இல்லை என்றவர்கள் 27 சதவீதம். ஆறு மாதத்துக்குப் பிறகு அது 82 சதவீதமாக உயர்ந்தது என்று 2008-ல் வெளியான அறிக்கை தெரிவிக்கிறது. ஆனால் வளைவுகளில் தொடையால் இருக்கையின் மூக்கை அணைத்து சைக்கிளைக் கட்டுப்படுத்திப் பழகியவர்களுக்கு இது முதலில் அந்நியமாகத் தோன்றும். பலருக்கு நடுவில் பள்ளமோ பிளவோ உள்ள, சரியான அகலமுள்ள சாதாரண இருக்கையே போதுமானதாக இருக்கிறது.

ரசமட்டமும் அட்டைப்பெட்டியும்

புது இருக்கை வாங்க ஓடுவதற்கு முன், இருக்கிற இருக்கையைச் சரியாகப் பொருத்துவது நல்லது. ஒரு ஆலன் கீயும் அரை மணி நேரமும் போதும்.

முதலில் உயரம். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மீது வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அப்போதுதான் பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கையில் முழங்கால் லேசாக மடிந்திருக்கும். இருக்கை அதிக உயரமானால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இடமும் வலமும் ஆடி, உரசல் புண்ணில் முடியும். மிகத் தாழ்ந்தால் கால்கள் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளாமல் முழு எடையும் இருக்கையில் இறங்கும்.

அடுத்தது மட்டம். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் இங்கே உதவும். மூக்கு மேல்நோக்கி நின்றால் அழுத்தம் நிச்சயம். மட்டமாக இருக்கலாம், அல்லது இரண்டு மூன்று டிகிரி கீழே சாயலாம். அதற்கு மேல் சாய்த்தால் உடம்பு முன்னால் வழுக்கி, பாரம் கைகளுக்குப் போய் விரல்கள் மரக்கும்.

மூன்றாவது ஹேண்டில்பார். அது எட்டாத தூரத்திலோ மிகத் தாழ்வாகவோ இருந்தால், எந்த இருக்கையும் காப்பாற்றாது. சற்று உயர்த்தினாலோ அருகில் கொண்டுவந்தாலோ, பாரம் பின்னால் நகர்ந்து எலும்புகளுக்குத் திரும்பும்.

இவ்வளவுக்குப் பிறகும் தொல்லை தீராவிட்டால் இருக்கையின் அகலத்தைச் சந்தேகிக்கலாம். வீட்டிலேயே அளந்துவிட முடியும். டி.வி. வந்த அட்டைப்பெட்டியிலிருந்து நெளி அட்டை ஒன்றை வெட்டி, கல் படிக்கட்டின்மீது வைத்து, மெல்லிய உடையோடு அதன்மேல் உட்கார்ந்து லேசாக முன்னால் குனிய வேண்டும். எழுந்து பார்த்தால் அட்டையில் இரண்டு பள்ளங்கள். அவற்றின் மையங்களுக்கு இடையிலான தூரமே எலும்புகளின் இடைவெளி. அதைவிட சுமார் 2 செ.மீ. அகலமான இருக்கை பொருந்தும். நிமிர்ந்து ஓட்டுபவருக்கு இன்னும் சற்று அகலம் வேண்டும். இந்த இடைவெளி ஆளுக்கு ஆள் மாறுகிறது. உயரத்துக்கும் பருமனுக்கும் அதில் பெரிய பங்கில்லை. நண்பர் புகழும் இருக்கை இன்னொருவருக்குச் சித்திரவதையாவது இதனால்தான்.

பேசப்படாத பாதி

பெண்களின் நிலைமை இன்னும் சிக்கலானது. பொதுவாகப் பெண்களுக்கு இந்த எலும்புகளின் இடைவெளி அதிகம். ஆனால் சைக்கிளோடு வரும் இருக்கை பெரும்பாலும் ஆணின் அளவை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. எலும்புகள் இருக்கைக்கு வெளியே தொங்க, மென்பகுதி பாரத்தைச் சுமக்கிறது. வீக்கம், எரிச்சல், மரத்துப்போதல் எல்லாம் அவர்களுக்கும் உண்டு. பந்தயங்களில் ஓட்டும் 48 பெண்களிடம் நடத்தி 2012-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஹேண்டில்பார் இருக்கையைவிடத் தாழ்வாக இருந்தவர்களுக்கு அழுத்தம் அதிகமாகவும் உணர்ச்சி குறைவாகவும் இருந்தது கண்டறியப்பட்டது.

ஆண்களின் தொல்லையைப் பற்றி ஆய்வுகள் வரிசையாக வந்த பிறகே பெண்களின் பக்கம் கவனம் திரும்பியது. இங்கேயோ, சைக்கிள் கடையில் நின்று ஒரு பெண் இதைப் பற்றிக் கேட்பதே கடினம். குழுவில் மூத்த பெண் ஒருவர் இருந்தால், புதிதாக வருபவருக்கு அவர் தனியாகச் சொல்லிக்கொடுப்பதுதான் வழி.

வியர்வை செய்யும் வேலை

மரத்துப்போவது ஒரு பிரச்சினை, புண் வேறொரு பிரச்சினை. முன்னதற்குக் காரணம் அழுத்தம். பின்னதற்குக் காரணம் உரசல், ஈரம், கிருமி. மும்பை, சென்னை போன்ற கடலோர நகரங்களின் புழுக்கத்தில் இந்த மூன்றும் கைகோத்துக்கொள்கின்றன. முதலில் தோல் சிவக்கிறது. பிறகு மயிர்க்கால்களில் கொப்புளம். கவனிக்காவிட்டால் சீழ்க்கட்டி.

இதற்குப் பேட் வைத்துத் தைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் உதவுகிறது. ஆனால் புதியவர்கள் பலர் அதனுள் வழக்கமான ஜட்டியையும் அணிந்து காரியத்தைக் கெடுக்கிறார்கள். பருத்தித் துணி வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, அதன் தையல் விளிம்பு ரம்பம்போல அறுக்கிறது. ஷார்ட்ஸை நேரடியாகத் தோலோடு அணிய வேண்டும். இறுக்கமான உடையில் தெருவில் நிற்கக் கூச்சமாக இருந்தால் அதன்மேல் தொளதொள பேன்ட் ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். உரசும் இடங்களில் இதற்கென்றே விற்கும் கிரீமோ பெட்ரோலியம் ஜெல்லியோ தடவலாம். பயணம் முடிந்ததும் அதே உடையில் அரட்டை அடிக்காமல் உடனே கழற்றி, கழுவி, உலர்ந்த உடைக்கு மாற வேண்டும். ஷார்ட்ஸை ஒவ்வொரு முறையும் துவைத்து நன்றாகக் காயவைக்க வேண்டும். 400, 600 கி.மீ. பயணமானால் பையில் இன்னொரு ஷார்ட்ஸ் அவசியம்.

வேகத்தடைக்கு நன்றி

எவ்வளவு நல்ல இருக்கையானாலும் இடைவிடாமல் உட்கார்ந்தால் ரத்த ஓட்டம் குறையும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அரை நிமிடமாவது பெடலின்மீது எழுந்து நிற்பதே மிக எளிய மருந்து. நினைவுபடுத்த ஆள் தேவையில்லை. இந்தியச் சாலைகளில் வேகத்தடைகளுக்குப் பஞ்சமா? ஒவ்வொரு வேகத்தடையையும், ஒவ்வொரு குழியையும் எழுந்து நிற்பதற்கான அழைப்பாக எடுத்துக்கொள்ளலாம். அதிர்ச்சி முழங்காலோடு நின்றுவிடும், இருக்கைக்கு வராது.

கல்லாக இறுகும்வரை டயரில் காற்றடிக்கும் பழக்கத்தையும் விடலாம். சற்று அகலமான டயரும், எடைக்கேற்பக் குறைத்த காற்றும் மோசமான சாலையின் அதிர்வை விழுங்கும். வயிற்றுத் தசையும் முதுகுத் தசையும் வலுவாக இருந்தால், களைத்த உடம்பு இருக்கையில் சாக்குமூட்டைபோலச் சரியாது. உட்காரும் இடத்துக்கும் பயிற்சி வேண்டும். இதுவரை 40 கி.மீ. மட்டுமே ஓட்டியவர் நேராக 200-க்குப் பெயர் கொடுப்பது தொல்லைக்கு அழைப்பிதழ். பயணத்தன்று புது இருக்கையைப் பரிசோதிப்பதும் அப்படித்தான்.

பெரிய தூரங்களை இந்தியர்கள் வென்றே இருக்கிறார்கள். நாசிக்கைச் சேர்ந்த டாக்டர் சகோதரர்கள் ஹிதேந்திர மகாஜனும் மகேந்திர மகாஜனும் 2015-ல் இருவர் அணியாக, அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் சுமார் 4,800 கி.மீ. பந்தயத்தை முடித்தார்கள். 2017-ல் ராணுவ மருத்துவர் ஸ்ரீநிவாஸ் கோகுல்நாத்தும் நாக்பூர் டாக்டர் அமித் சமர்த்தும் அதே பந்தயத்தைத் தனித்தனியாக, 12 நாள் கெடுவுக்குள் முடித்தார்கள். நால்வருமே டாக்டர்கள் என்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் அத்தனை நாட்களைப் பல்லைக் கடித்துக்கொண்டு மட்டும் ஓட்டிவிட முடியாது.

எப்போது டாக்டரிடம்?

இறங்கிய சில நிமிடங்களில் மரத்த உணர்வு மறைந்தால், இருக்கையைச் சரிசெய்தால் போதும். ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் முழுக்கச் சரியாகும்வரை சைக்கிளுக்கு ஓய்வு. அதன் பிறகும் தொடர்ந்தாலோ, சிறுநீர் கழிப்பதில் சிரமமோ ரத்தமோ தெரிந்தாலோ, ஆண்மையில் மாற்றம் தோன்றினாலோ, உட்கார்ந்தால் வலித்து எழுந்தால் குறைகிற வலி நிலைத்துவிட்டாலோ கூச்சத்தை ஒதுக்கிவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். காய்ச்சலோடு வரும் கட்டியும் அப்படியே. நீரிழிவு உள்ளவர்கள் சின்னக் கொப்புளத்தையும் அலட்சியம் செய்யக் கூடாது. அவர்களுக்குப் புண் ஆறத் தாமதமாகும், மரத்துப்போவதற்கு வேறு காரணமும் இருக்கலாம். டாக்டரிடம் சைக்கிள் ஓட்டுவதை மறைக்காமல் சொல்வது முக்கியம். அதைச் சொல்லாவிட்டால் எந்தப் பரிசோதனையும் சுற்றி வளைத்தே போகும்.

சதாரா சாலை டீக்கடையில் நின்றுகொண்டிருப்பவர்களுக்கு இன்னும் நூறு கிலோ மீட்டர் பாக்கி இருக்கிறது. அவர்களில் ஒருவர் வெட்கத்தை விட்டு, "இருக்கை அழுத்துகிறது, யாரிடமாவது ஆலன் கீ இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டால் போதும். தங்களுக்கும் அப்படித்தான் என்று இன்னும் நான்கு பேர் சொல்லக்கூடும். அடுத்த டீக்கடையில் பெஞ்ச் காலியாக இருக்காது.